பயாப்ஸியா, ஜீன் டெஸ்டா: ஸ்டீராய்டுக்குக் கேட்காத நெஃப்ரோடிக் பிள்ளைக்கு எது முதலில்?

நெஃப்ரோடிக் என்பது கிட்னி வழியாகப் புரதம் யூரினில் ஒழுகி உடம்பு வீங்குகிற நோய். ஆறு வாரம் தினமும் ஸ்டீராய்டு கொடுத்தாயிற்று. என் தங்கை மகனுக்கு முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது. அது வியாதி வீக்கமா, மருந்து வீக்கமா என்று வீட்டில் யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலை யூரினில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. புரதம் பார்க்கிற ஸ்ட்ரிப்பை நனைத்தால் அதே பச்சை, அதே மூன்று பிளஸ். அந்தச் சனிக்கிழமை குழந்தைகள் சிறுநீரக டாக்டர் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று பயாப்ஸிக்குச் சம்மதக் கையெழுத்து. இன்னொன்று ஜீன் டெஸ்டுக்கான படிவம்.

"ரெண்டுமே என்னைக்காவது தேவைப்படும். எதை முன்னாடி செய்யறதுன்னு வீட்டுல பேசிட்டுத் திங்கக்கிழமை வாங்க" என்றார்.

வீட்டில் ஆளுக்கொரு பதில் தயாராக இருந்தது. அம்மாவுக்குப் பயாப்ஸி என்ற சொல்லே ஆகவில்லை. "மூணு வயசுப் பிஞ்சு. முதுகுல ஊசியை விட்டு கிட்னியைக் கிள்ளி எடுக்கணுமா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், ஜீன் டெஸ்டுக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு மௌனமாக இருந்தார். அந்த மௌனத்துக்குக் காரணம் செலவு மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை எங்களுக்கு அத்தை மகன். சொந்தத்தில் கட்டிய கல்யாணம். ஜீன் என்ற பேச்சை எடுத்தாலே, "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல உறவில் நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். அந்த இரண்டு நாளும் அதற்குப் பிந்தைய மாதங்களும் படித்ததையும், டாக்டரிடம் கேட்டுத் தெளிந்ததையும் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். இதே இரண்டு தாள்களோடு வேறு யாராவது வீடு திரும்பியிருந்தால் அவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் ஒன்று. நெஃப்ரோடிக் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு சோதனையும் வேண்டியதில்லை. ஒரு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில், கண் வீங்கி, கால் வீங்கி, யூரினில் புரதம் கொட்டி வருகிற குழந்தைகளில் நூற்றுக்கு 80 முதல் 90 பேருக்கு ஸ்டீராய்டில் யூரின் தெளிந்துவிடும். திரும்பத் திரும்ப வரலாம், வருடக்கணக்கில் இழுக்கலாம். ஆனாலும் கிட்னி கெடுவது அவர்களில் அபூர்வம். மீதமுள்ள பத்து, இருபது பேரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. எப்போது "கேட்கவில்லை" என்று முடிவுகட்டுவது என்பதிலும் சிறு வேறுபாடு உண்டு. பன்னாட்டுக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கம் 2020-ல் தந்த வழிகாட்டுதல் நான்கு வாரத்தில் சந்தேகப்பட்டு, இன்னும் இரண்டு வாரம் பார்த்து உறுதிசெய்யச் சொல்கிறது. நம் நாட்டுக் குழந்தைகள் சிறுநீரகவியல் கழகம் தினசரி ஸ்டீராய்டு ஆறு வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. எங்கள் பையன் இரண்டு கணக்கிலும் தோற்றுவிட்டான்.

கிட்னிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லாமல் இந்த ஒப்பீடு புரியாது. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டி முடிச்சுகள். பள்ளியில் குளாமருலஸ் என்று படம் போட்டிருப்போம். அந்த முடிச்சின் நுண்குழாய்களைப் போடோசைட் என்கிற செல்கள் கைவிரல் கோத்தாற்போல் சுற்றிப் பிடித்திருக்கின்றன. விரல் இடுக்குகளில் நெஃப்ரின், போடோசின் போன்ற புரதங்களால் ஆன ஒரு சல்லடை. அது பழுதானால் ரத்தத்திலிருக்கும் ஆல்புமின் யூரினில் ஒழுகிப் போகும். ஆல்புமின் குறைந்தால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும்.

சல்லடை இரண்டு விதமாகப் பழுதாகலாம். நன்றாக நெய்த சல்லடையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வந்து குலைப்பது ஒன்று. அந்தத் தாக்குதலை மருந்தால் அடக்கலாம். ஸ்டீராய்டு இல்லாவிட்டால் டாக்ரோலிமஸ், அதுவும் இல்லாவிட்டால் வேறு. நெய்யும்போதே இழை தப்பிப்போவது இன்னொன்று. அங்கே எதிர்ப்புச் சக்தியை எவ்வளவு அடக்கினாலும் பெரிதாகப் பயன் இராது. மருந்தின் கெடுதல்தான் மிஞ்சும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி வீங்கித்தான் இருப்பார்கள்.

பயாப்ஸி என்ன காட்டும்

அம்மா கேட்ட "கிள்ளி எடுப்பது" ஒரு வகையில் சரிதான். கோபன்ஹேகனில் ஐவர்சனும் புரூனும் 1951-ல் இந்த முறையைப் பற்றி எழுதியபோது நோயாளியை உட்கார வைத்து ஊசி போட்டார்கள். அல்ட்ராசவுண்ட் எல்லாம் அப்போது கிடையாது. இப்போது குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் சுருட்டிய துணி வைத்து, மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கிட்னியின் கீழ்முனையில் வில்விசை ஊசியால் நூல் போல ஒரு துண்டு, பெரும்பாலும் இரண்டு, எடுக்கிறார்கள். குண்டூசியின் தடிமன்தான் இருக்கும். அதைப் பங்குபோட்டு ஒரு பாதியைச் சாதாரண நுண்ணோக்கிக்கும், ஒரு பங்கை ஒளிரும் சாயச் சோதனைக்கும், ஒரு துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் அனுப்புவார்கள்.

இதில் தெரிவது, இன்றைக்குக் கிட்னி எந்த நிலையில் இருக்கிறது என்பது. முடிச்சுகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தால் "மினிமல் சேஞ்ச்" என்பார்கள். சில முடிச்சுகளில், ஒரு பகுதியில் மட்டும் தழும்பு விழுந்திருந்தால் எஃப்.எஸ்.ஜி.எஸ். வேறு ஏதாவது, உதாரணத்துக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ், இருந்தால் அதுவும் இங்கேதான் பிடிபடும். என் பார்வையில் இந்தப் பெயர்களை விடப் பெரிய விஷயம் அறிக்கையின் கடைசி வரியில் இருக்கிறது: முடிச்சுகளுக்கு இடைப்பட்ட இடத்தில் எவ்வளவு சதவீதம் நார் படிந்துவிட்டது, எத்தனை குழாய்கள் சுருங்கிவிட்டன. திரும்ப வராத இழப்பு அது. பெற்றோர் பலர் எஃப்.எஸ்.ஜி.எஸ் என்ற நாலு எழுத்தைப் பார்த்துப் பதறிவிட்டு, அந்த வரியைப் படிக்காமலே ஃபைலை மூடிவிடுகிறார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம்.

இனி பயாப்ஸியின் குறை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. சோறு ஒரே சீராக வேகும். எஃப்.எஸ்.ஜி.எஸ் அப்படி வேகாது. தழும்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும், அதுவும் முதலில் ஆழத்தில் இருக்கிற முடிச்சுகளில். என் தொழில்புத்திக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தில் ஒரு முடிச்சு கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசியில் பத்து முடிச்சு வந்தால், கெட்டது ஒன்றுகூடச் சிக்காமல் போக 35 சதவீத வாய்ப்பு. இருபது முடிச்சு வந்தால் அது 12 சதவீதமாகக் குறையும். ஆகவே "மினிமல் சேஞ்ச்" என்று அறிக்கை வந்தால் அதில் எத்தனை குளாமருலஸ் பார்த்தார்கள் என்ற எண்ணைத் தேடுங்கள். எட்டு என்றால் ஒரு அர்த்தம், இருபத்தெட்டு என்றால் வேறு அர்த்தம்.

ஆபத்து எவ்வளவு? அம்மா பயந்த அளவு இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி யூரினில் ரத்தம் வருவது நூறு பிள்ளைகளில் மூன்று நான்கு பேருக்கு. ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குப் போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. முன்னதாக பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், பிரஷர் மூன்றையும் பார்ப்பார்கள். பிரஷர் எகிறியிருந்தால் அதை இறக்கிய பிறகுதான் ஊசி. ஊசி போடுவது கால் மணி நேர வேலை. மூன்று வயதுப் பிள்ளையை அதற்குப்பின் ஆறேழு மணி நேரம் மல்லாந்து படுத்த படுக்கையில் வைப்பதுதான் மலையைக் கட்டி இழுக்கிற வேலை. ஒவ்வொரு முறை போகிற யூரினையும் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகளில் வைத்து நிறம் பார்த்தார்கள். இரண்டாவது குப்பி தேயிலைத் தண்ணீர் நிறம், நான்காவதில் தெளிந்துவிட்டது.

ஜீன் டெஸ்ட் என்ன காட்டும்

இதற்கு ஊதா மூடிக் குப்பியில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். வலி, ஆபத்து என்று சொல்ல எதுவும் இல்லை. காத்திருப்பு நீளம்: எங்களுக்கு ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. செலவு முழுவதும் கைக்காசு.

நெஃப்ரின் புரதத்துக்கான ஜீனை 1998-லும் போடோசினுக்கானதை 2000-த்திலும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போய், இன்று அறுபதுக்கும் மேற்பட்ட ஜீன்கள் இந்த நோயோடு தொடர்புடையவை. எத்தனை பிள்ளைகளுக்குக் காரணம் கிடைக்கும்? பாஸ்டனில் ஹில்டெபிரான்ட் ஆய்வுக்கூடத்தினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 1,783 குடும்பங்களைச் சோதித்து 29.5 சதவீதத்தில் ஒற்றை ஜீன் காரணத்தைக் கண்டார்கள். ஆனால் இந்தச் சராசரி யாருக்கும் பயன்படாது. வயதுவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் இருக்கிறது. பிறந்து மூன்று மாதத்துக்குள் நோய் வந்தவர்களில் 69 சதவீதம், நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஆறு வயது வரை 25, ஏழு முதல் பன்னிரண்டு வரை 18, அதற்கு மேல் 11. கைக்குழந்தைக்கு வந்தால் ஜீன் என்று சந்தேகப்படுவதே முறை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது கடைசி வரிசைச் சந்தேகம்.

எங்கள் பையனுக்கு மூன்றேகால் வயது. எண்ணின்படி நாலில் ஒரு பங்கு. அந்த எண்ணைச் சொந்தத் திருமணம் கொஞ்சம் மாற்றும். இதை ஒளித்துப் பேசிப் பயனில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால்வாசிக்கு மேல் உறவுக்குள் நடந்தவை; இந்தியாவில் இந்த வழக்கம் அதிகமுள்ள மாநிலங்களில் நாமும் ஒன்று. சிறுவயதில் வரும் ஜீன் வகை நெஃப்ரோடிக்குகளில் பல, அப்பாவிடமிருந்து ஒன்று அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால் மட்டும் வருபவை. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளையின் எந்த ஒரு ஜீனிலும் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க பதினாறில் ஒரு வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. இதை வீட்டில் சொன்னபோது மாப்பிள்ளை கேட்டார்: "அப்போ எங்க ரெண்டு பேராலதான்னு சொல்றீங்களா மச்சான்?" நான் சொன்னேன், எந்த ஒரு ஜீனை எடுத்தாலும் பதினாறில் பதினைந்து பங்கு அப்படி ஒரே இடத்திலிருந்து வந்திருக்காது என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. தவிர, உறவே இல்லாத இரண்டு பேரும் ஒரே ஜீனில் ஆளுக்கொரு பழுதைச் சுமந்திருக்கலாம். இதைச் சொல்லிச் சமாதானப்படுத்தினேனே தவிர, அவர் முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜீன் டெஸ்டில் விடை கிடைத்தால் உண்மையிலேயே பல கதவுகள் திறக்கும், சில மூடும். போடோசின் பழுது என்று தெரிந்தால் ஸ்டீராய்டை இறக்கி நிறுத்தலாம். டாக்ரோலிமஸால் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கோஎன்சைம் க்யூ10 உற்பத்தி சம்பந்தப்பட்ட ஜீன்களில் பழுது என்றால் அந்தக் க்யூ10-ஐயே மருந்தாகக் கொடுக்கலாம். அபூர்வம், ஆனால் இதைத் தவறவிட்டால் வருத்தம் பெரிது. டபிள்யூ.டி.1 என்ற ஜீனில் பழுது என்றால் கிட்னியிலும் பிறப்புறுப்புச் சுரப்பிகளிலும் கட்டி வரும் ஆபத்துக்காகத் தொடர்ந்து ஸ்கேன் பார்க்க வேண்டும். பின்னால் மாற்றுக் கிட்னி தேவைப்பட்டால், ஜீன் காரணமான நோய் புதுக் கிட்னியில் திரும்ப வருவது அரிது. ஜீன் காரணம் இல்லாத எஃப்.எஸ்.ஜி.எஸ் சுமார் முப்பது சதவீதம் பேருக்குத் திரும்ப வருகிறது. கிட்னி கொடுக்க முன்வரும் அப்பா அம்மாவுக்கும் இது தெரிய வேண்டிய விஷயம்.

இனி பிறக்கக்கூடிய அடுத்த பிள்ளையின் விஷயமும் இருக்கிறது. தங்கை வாய்திறந்து கேட்காத கேள்வி அது.

ஜீன் டெஸ்டின் குறை அதன் பதில்களின் நடுவில் ஒளிந்திருக்கிறது. "காரணம் இதுதான்" என்றும் வரலாம், "எதுவும் இல்லை" என்றும் வரலாம். மூன்றாவது ஒன்றும் உண்டு: ஜீனில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அதனால் கெடுதலா இல்லையா என்று இன்றைய அறிவால் சொல்ல முடியாது. இந்த மூன்றாவது ரகம் நம்மவர்களுக்கு அடிக்கடி வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் தரவுக் களஞ்சியங்களில் நம் ஊர் ஆட்கள் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். அறிக்கையில் ஜீன் பெயர் தடித்த எழுத்தில் இருந்தாலே அதுதான் வியாதி என்று எடுத்துக்கொண்டு ஸ்டீராய்டை நிறுத்திவிட்ட பெற்றோர் ஒருவரை வெயிட்டிங் ஹாலில் சந்தித்தேன். ஜீன் ஆலோசகரோ டாக்டரோ வரிவரியாக விளக்காமல் அந்தத் தாளை வைத்து எதுவும் செய்யக்கூடாது. அம்மா அதற்கு "ரத்த ஜாதகம்" என்று பெயர் வைத்தாள். ஜாதகம் பார்க்கிறவர் எல்லாக் கட்டத்துக்கும் பலன் சொல்லிவிடுவார். இங்கே பல கட்டங்களுக்குப் பலன் இன்னும் எழுதப்படவில்லை.

இதைவிட முக்கியமான குறை இன்னொன்று. கிட்னி இன்றைக்கு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஜீன் டெஸ்டால் சொல்ல முடியாது. பிறந்த அன்று எடுத்தாலும் பத்து வருடம் கழித்து எடுத்தாலும் அதே எழுத்துகள்தான்.

ஒன்றை வைத்து ஒன்று

எனவே இரண்டும் போட்டிச் சோதனைகளே கிடையாது. "ஏன் வந்தது" என்பதற்கு ஒன்று, "எவ்வளவு தூரம் போயிருக்கிறது" என்பதற்கு மற்றது. எது உயர்ந்தது என்று வீட்டில் இரண்டு மணி நேரம் வாதாடியது வீண். கேட்டிருக்க வேண்டியது: வருகிற ஒரு மாதத்தில் நாங்கள் செய்யப்போகும் காரியத்தை எந்தப் பதில் மாற்றும்?

வழிகாட்டுதல்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பன்னாட்டுச் சங்கம் முடிந்தால் எல்லா ஸ்டீராய்டு எதிர்ப்பு நெஃப்ரோடிக் பிள்ளைக்கும் ஜீன் டெஸ்ட் செய்யச் சொல்கிறது. காரணம் கிடைத்துவிட்டால் பயாப்ஸியைத் தவிர்க்கலாம் என்றும் சொல்கிறது. இந்தியக் கழகம் 2021-ல் சொன்னது வேறு: டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் தொடங்குமுன் பயாப்ஸி வேண்டும், ஜீன் டெஸ்டை ஒரு வயதுக்குள் நோய் வந்தவர்கள், குடும்பத்தில் ஏற்கெனவே நோய் உள்ளவர்கள், கிட்னிக்கு வெளியேயும் குறை உள்ளவர்கள், அந்த மருந்துகளுக்கும் கேட்காதவர்கள், மாற்றுக் கிட்னிக்குத் தயாராகிறவர்கள் என்று சிலருக்கு ஒதுக்குகிறது. ஒருவர் அறிவியல்படி பேசுகிறார், இன்னொருவர் பர்ஸைப் பார்த்துப் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். அது நியாயமில்லாத நினைப்பு. டாக்ரோலிமஸே நாளடைவில் கிட்னியில் தழும்பு உண்டாக்கக்கூடிய மருந்து. தொடங்குமுன் ஒரு பயாப்ஸி இல்லாவிட்டால், இரண்டு மூன்று வருடம் கழித்துத் தழும்பு தெரிந்தால் அது நோயின் வேலையா மருந்தின் வேலையா என்று பிரிக்க வழியே இருக்காது. வீடு வாங்குமுன் சுவர் விரிசலைப் படம் எடுத்து வைப்பது மாதிரி. இந்த வாதம் என்னை அசைத்தது.

நோயின் போக்கைப் பற்றி நான் படித்ததில் மிகவும் பயன்பட்டது போடோநெட் என்ற பன்னாட்டுப் பதிவேட்டின் 2017 அறிக்கை. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட ஸ்டீராய்டு எதிர்ப்புப் பிள்ளைகள். பத்து வருடம் கழித்தும் டயாலிசிஸோ மாற்றுக் கிட்னியோ தேவைப்படாமல் இருந்தவர்கள், பயாப்ஸிப் பெயர்படி பிரித்தால் மினிமல் சேஞ்சில் 79 சதவீதம், எஃப்.எஸ்.ஜி.எஸ்ஸில் 52. ஜீன் காரணம் உறுதியானவர்களில் 27. மருந்துக்குக் கேட்ட அளவுபடி பிரித்தால்? முதல் வருடத்தில் யூரின் முழுதாகத் தெளிந்தவர்கள் 94, பாதி தெளிந்தவர்கள் 72, தெளியாதவர்கள் 43.

அந்த எண்களை வரிசையாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். 94-க்கும் 43-க்கும் இருக்கிற தூரம், 79-க்கும் 52-க்கும் இருக்கிற தூரத்தைவிட அதிகம். பயாப்ஸியில் என்ன பெயர் வருகிறது என்பதை விட, அடுத்த ஆறு மாதத்தில் மருந்து வேலை செய்கிறதா என்பது பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. பாதித் தெளிவுகூட 72. ஸ்ட்ரிப்பில் முழுசாக மஞ்சள் வராவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைத்த தங்கைக்கு அந்த 72 ஒரு பிடிமானம்.

சோதனையே இல்லாமல் நேராக டாக்ரோலிமஸ் தொடங்குவது மூன்றாவது வழி. ஊசிக்கு ஆள் இல்லாத ஊரில், காசு இல்லாத வீட்டில் சிலர் அப்படிச் செய்ய வேண்டியிருக்கும். வழி இருக்கும்போது அது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது. நாட்டு மருந்துக்குப் போவதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த பொடியை டாக்டர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலாவதாக ஒன்று வந்துகொண்டிருக்கிறது. நெஃப்ரினையே தாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுவது. 2024-ல் வெளியான ஆய்வில், நோய் தீவிரமாக இருந்து மருந்து தொடங்காத பிள்ளைகளில் 90 சதவீதம் பேரிடம் அது இருந்தது. வழக்கமான சோதனையாக அது நம் கைக்கு வந்தால், சல்லடையைத் தாக்குகிறார்களா அல்லது நெசவே தப்பா என்ற கேள்விக்கு ஒரு குப்பி ரத்தம் பதில் சொல்லக்கூடும். அன்றைக்கு எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பிள்ளையைப் பார்த்து வரிசையைத் தீர்மானிப்பது எப்படி என்று டாக்டரிடம் மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஒரு வயதுக்குள், முக்கியமாக மூன்று மாதத்துக்குள் வந்தால் ஜீன் முன்னால். பயாப்ஸி புதிதாக எதையும் சொல்வது அரிது. அண்ணன் அக்காவுக்கு ஏற்கெனவே இதே நோய் இருந்தாலும், காது கேட்காமை, வளர்ச்சிக் குறை, பிறப்புறுப்பில் வித்தியாசம் இருந்தாலும் ஜீன் முன்னால். யூரினில் ரத்தம், பிரஷர், ஏறுகிற கிரியேட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் கூடுகிற கழிவு), ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்கிற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் குறைவு, தோலில் தடிப்பு, வளரிளம் பருவத்தில் தொடக்கம் என்றால் பயாப்ஸி முன்னால், தாமதமே கூடாது. பிறவியிலேயே கிட்னி, குழாய் அமைப்பு கோணலாக இருக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது. அவர்களுக்கு ஸ்கேன்தான் தொடக்கம்.

எங்கள் பையன் இந்த இரண்டு கூட்டத்திலும் சேரவில்லை. காது நன்றாகக் கேட்டது, பிரஷர் சரி, கிரியேட்டினின் சரி. சொந்தத் திருமணம் என்ற ஒன்றுதான் ஜீன் பக்கம் தராசைச் சாய்த்தது. ஆனால் ஜீன் பதிலுக்கு ஆறு வாரம் ஸ்டீராய்டோடு மட்டும் உட்கார முடியாது. டாக்ரோலிமஸ் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய படம் வேண்டும். திங்கட்கிழமை பயாப்ஸிக்குக் கையெழுத்துப் போட்டோம். மயக்கத்துக்காகக் கையில் குத்திய ஊசியிலிருந்தே ஜீன் டெஸ்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னோம். பிள்ளைக்கு ஒரு குத்து மிச்சம். மாப்பிள்ளைதான் அந்தப் படிவத்தில் முதலில் கையெழுத்துப் போட்டார். சங்கிலியை அடகு வைத்ததைப் பிறகுதான் சொன்னார்.

நாலாம் நாள் பயாப்ஸி வந்தது: 22 குளாமருலஸ், மூன்றில் தழும்பு, எஃப்.எஸ்.ஜி.எஸ். கடைசி வரியில் நார்ப் படிவு ஐந்து சதவீதத்துக்கும் கீழே. அன்றே டாக்ரோலிமஸும், புரத ஒழுக்கைக் குறைக்கிற எனலாப்ரிலும் தொடங்கின. ஆறு மாதம் கொடுத்துப் பார்ப்பது, பாதித் தெளிவுகூட இல்லாவிட்டால் நிறுத்துவது என்று பேச்சு.

ஜீன் அறிக்கை 41-ஆம் நாள். ஒரு ஜீனில், ஒரே பிரதியில், பொருள் தெளியாத ஒரு மாற்றம். பெற்றோர் இருவரையும் சோதித்ததில் அதே மாற்றம் தங்கையிடமும் இருந்தது, அவளுக்கு எந்த வியாதியும் கிடையாது. இரண்டு பிரதி கெட்டால்தான் நோய் தரும் ஜீன் அது. ஆக, தெரிந்த காரணம் எதுவும் இல்லை. மாப்பிள்ளை அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

தங்கை அன்றைக்குத்தான் கேட்டாள், அடுத்த பிள்ளையைப் பற்றி. ஜீன் ஆலோசகர் ஒரு எண் தரவில்லை. போடோசின் போல உறுதியாகியிருந்தால் நாலில் ஒன்று என்று சொல்லியிருப்பேன், இப்போது அப்படிச் சொல்ல முடியாது, இல்லவே இல்லை என்றும் எழுதித் தர முடியாது. தரவைப் பத்திரமாக வைத்திருங்கள், இரண்டு வருடம் கழித்து மறுபடி படித்துப் பார்க்கலாம், புது ஜீன்கள் வந்துகொண்டே இருக்கின்றன என்றார். தங்கை ஃபைலின் மேலட்டையில் அந்தத் தேதியை எழுதி வைத்தாள்.

இப்போது ஏழாவது மாதம். புரதம்–கிரியேட்டினின் விகிதம் 0.6, ஆல்புமின் 3.4. பாதித் தெளிவு. ஸ்ட்ரிப் இருந்தாலும் அம்மா இன்னும் சோதனைக் குழாயில் யூரினைக் காய்ச்சி, கலங்குகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் தினசரி காலண்டரில் குறிக்கிறாள். இந்த மாதத் தாள்களில் பிளஸ் குறிகளுக்கு நடுவே "லேசா" என்று ஒன்பது நாள் எழுதியிருக்கிறாள்.